மறுப்பு ஏதும் வரவில்லை

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால், எனக்கு முந்திக்கொண்டு அக்கா பதில் சொல்லிவிடுவாள். "அவளா? கம்ப்யூட்டரு கேக்குறதுக்கெல்லாம் ஆமா, இல்லன்னு சொல்லிக்கிட்டு இருப்பா. அதுக்குச் சம்பளம்." கேலிக்குத்தான் சொல்கிறாள். ஆனால் இத்தனை வருடத்தில் அதைவிடச் சரியாக எனக்கே சொல்ல வந்ததில்லை.

லினக்ஸ் என்பது யாரும் காசில்லாமல் எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய இயங்குதளம். அதை மூட்டை கட்டி, சாதாரண ஆட்களும் கணினியில் ஏற்றிக்கொள்கிற மாதிரி தயார் செய்து கொடுக்கும் குழுக்கள் உலகம் முழுக்க உண்டு. அப்படிப்பட்ட ஒன்றில் நான் இருக்கிறேன். இயங்குதளத்துக்கு அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. வன்பொருளோடு நேரடியாகப் பேசுவது அதுதான். ஒவ்வொரு புதுப் பதிப்பைக் கட்டும்போதும் அது ஆயிரக்கணக்கில் கேள்வி கேட்கும். இந்தக் கம்பெனியின் வைஃபை வேண்டுமா? அந்தக் காலத்துப் பிரிண்டர் வேண்டுமா? இந்தப் பாதுகாப்புச் சோதனையைப் போடலாமா? ஒவ்வொன்றுக்கும் ஆமாம் அல்லது இல்லை. நான் சொல்லும் பதில்தான் டீஃபால்ட், யாரும் மாற்றாதவரை அதுதான் நிற்கும். எங்கள் இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டவர்களில் கிட்டத்தட்ட யாரும் அந்தக் கேள்விகளைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்காக நான் வல்லத்திராக்கோட்டையில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெங்களூரில் பார்த்த வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதும் இங்கு வந்துவிட்டேன். அக்காவைக் கட்டிக் கொடுத்தது கறம்பக்குடியில். அங்கே கடைத்தெருவில் ஒரு நெட் சென்டர் வைத்திருக்கிறாள். ஜெராக்ஸ், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் அவள் ஒருத்திதான். கடையில் இரண்டு கணினிகள், இரண்டும் பழசு. வேறு எதை ஏற்றினாலும் முக்கி முனகும் என்பதால் எங்கள் லினக்ஸை நான்தான் போட்டுக் கொடுத்தேன். எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் உண்டு. ஒரு மிஷின் அவளுடையது, அதில் எப்போதும் நன்றாக ஓடுகிற பதிப்புதான் இருக்கும். இன்னொன்று என் மிஷின். அதில் வெளியே போவதற்கு முன்னால் சோதனைக்கு விடும் பதிப்பு தானாக வந்து நிற்கும், சரி என்றால் ஏறிக்கொள்ளும். ஏதாவது கோளாறு வந்தால் என் காதுக்கு முதலில் வரட்டும் என்று அப்படி வைத்தேன்.

அக்கா வீடு மாடியில், கடை கீழே. ரௌட்டர் மாடியில் இருக்கிறது. சுவரில் ஓட்டை போட்டு ஒயர் இழுக்கக் கட்டடத்தின் சொந்தக்காரர் விடவில்லை. அதனால் இரண்டு மிஷினிலும் வைஃபையைப் பிடித்துக் கொடுக்க, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு டாங்கிளைச் சொருகியிருக்கிறோம். புதுக்கோட்டைக் கீழராஜ வீதிக் கடைகளில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வைத்து விற்பார்கள். இருப்பதிலேயே மலிவானது.

பிரச்சினை அந்த டாங்கிளில்தான் ஆரம்பித்தது. அதை இயக்கும் நிரலை, டிரைவர் என்போம், யாரோ எப்போதோ எழுதிவிட்டு ஆளே காணாமல் போய்விட்டார். அதில் திருடர்கள் உள்ளே நுழையக்கூடிய ஓட்டை ஒன்று இருந்து அடைத்தார்கள். இன்னும் இருக்கலாம் என்று சந்தேகம். எங்கள் குழுத் தலைவர், அடுத்த பதிப்பில் இதை நிறுத்திவிடலாம் என்றார். பழைய குப்பையை எல்லோருடைய கணினியிலும் ஏற்றி வைப்பானேன், ஆபத்துதானே என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எதையாவது நிறுத்துவதென்றால் யாரும் சேரக்கூடிய மின்னஞ்சல் மடற்குழுவில் அறிவிப்புப் போடுவோம். சோதனைப் பதிப்பையும் வெளியே விடுவோம். ஒரு வாரத்துக்குள் யாரும் மறுக்கவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம். நல்ல வழக்கம்தான். இல்லாவிட்டால் ஒவ்வொரு வரிக்கும் பஞ்சாயத்து நடந்து, ஒரு பதிப்பும் வெளியே வராது.

அறிவிப்பு வந்த அன்றே நான் மறுத்து எழுதினேன். இந்த டாங்கிளைப் பயன்படுத்துகிறவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள் என்றேன். யார் என்று கேட்டார். என் அக்கா என்றேன். ஒரு சிரிப்புப் படம் போட்டுவிட்டு, உங்கள் அக்காவைத் தவிர யார் என்று கேட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த பிளாஸ்டிக் டப்பா மாதா மாதம் காலியாகி நிறைகிறதே, அதெல்லாம் எங்கே போகிறது? ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? வாங்கிப்போகிறவர் யாரும் எங்கள் ஆங்கில மடற்குழுவில் சேர்ந்து வணக்கம் சொல்லப் போவதில்லை. நான் நாலு பத்தி எழுதி நாலையும் அழித்தேன். குடும்பத்துக்காகச் சண்டை போடுகிறாள் என்று நினைப்பார்கள் என்ற கூச்சமும் இருந்தது. கடைசி நாளுக்குள் இன்னொரு ஆளைக் காட்டினால் பார்க்கலாம் என்று தலைவர் முடித்துக்கொண்டார்.

கடைசி நாள் பார்த்து எங்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலையில் போனால் சாயங்காலம்தான் கரண்ட் வரும். மதியம் மூன்று மணிக்குப் பதிப்பைப் பூட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். பூட்டிய பிறகு ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. வீட்டு ரௌட்டர் செத்துப் படுத்துவிட்டது. போனிலிருந்து மடிக்கணினிக்கு நெட் எடுத்துக்கொண்டு, வெளிச்சத்தைக் குறைத்து, பேட்டரியை எண்ணி எண்ணிச் செலவு செய்துகொண்டிருந்தேன். கரண்ட் இல்லாத நாளில் எங்கள் தெருவில் சிக்னலும் இழுபறிதான். போனில் பேசினால் நெட் நின்றுவிடும். நெட் வேண்டுமென்றால் பேசக் கூடாது.

அந்த நேரம் பார்த்து அக்கா கூப்பிட்டாள்.

"அடியே, நெட்டு இல்லடி. வைஃபை படத்தையே காணோம்."

"ரௌட்டர ஆஃப் பண்ணிப் போடுக்கா."

"அதெல்லாம் போட்டாச்சு. மாடியில டிவில நெட்டு ஓடுது. இங்கிட்டுத்தான் இல்ல."

"எந்த மிஷின்ல?"

"ஒன் மிஷின்லதான். என் மிஷினுக்குப் பவர் சப்ளை போயிருச்சு. நேத்தே புதுக்கோட்டைக்குக் குடுத்து விட்டுட்டேன். ஒரு வாரமா தூங்கிக்கிட்டு இருந்த ஒன் மிஷினக் காலையில போட்டேன். நல்லாத்தான் ஓடுச்சு. அதுவா அப்டேட்டு வேணுமான்னு கேட்டுச்சு. சரின்னு அமுக்குனேன்."

சோதனைப் பதிப்பு அந்த டாங்கிள் வழியாகவே இறங்கி, தன்னை ஏற்றிக்கொண்டு, மறுபடி எழுந்தபோது அந்த டாங்கிளையே தெரியாது என்று சொல்லிவிட்டது. ஒரு வாரமாக அணைந்து கிடந்த மிஷின் என்பதால் இத்தனை நாளாக எனக்கும் தெரியவில்லை.

"இன்னைக்கு என்ன நாளு தெரியும்ல?" என்றாள் அக்கா. குரலில் கேலி இல்லை.

தெரியும். கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு விண்ணப்ப இணையதளத்தை மூடிவிடுவார்கள். கடைக்குள் ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள் அக்கா. கறம்பக்குடிக்கு உள்ளே ஏதோ கிராமம். அம்மா வயல்வேலைக்குப் போகிறவர். பெண் நல்ல மார்க். சாதிச் சான்றிதழ் முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்திருக்கிறது. பக்கத்து சென்டரில் கூட்டம் ரோடு வரை நிற்கிறது. ஸ்கேனரும் இப்போது என் மிஷினில்தான் மாட்டியிருக்கிறது.

"ஒன் போன ஒயர் போட்டு மிஷின்ல சொருகு. அதுலேருந்து நெட்டு எடுத்துக்கலாம்" என்றேன்.

ஒயரைத் தேடிச் சொருகினாள். "ஒண்ணும் வரல. சார்ஜு மட்டும்தான் ஏறுது."

அது சார்ஜுக்கு மட்டுமான ஒயர். அந்த ஒயரைச் செய்தவனையும் மனதுக்குள் திட்டிவிட்டு, அடுத்த வழிக்குப் போனேன். புதுக் கெர்னல் ஏறினாலும் பழையது அழியாது, பக்கத்திலேயே கிடக்கும். கணினி எழும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் அந்தப் பட்டியல் சும்மா கண்ணில் படாது. மக்கள் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்று எங்கள் ஆட்கள்தான் அதை மறைத்து வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு டீஃபால்ட். சரியான நேரத்தில் ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டால்தான் எட்டிப் பார்க்கும்.

"அக்கா, நல்லாக் கேட்டுக்க. மிஷின ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. கம்பெனிப் பேரு வந்து போகும். போனதும் ஷிஃப்ட்ட அமுக்கிப் புடிச்சுக்க. விடாத."

அந்த மிஷின் எழுவதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். மறுமுனையில் மின்விசிறி ஓடும் சத்தமும், யாரோ தளம் மூட இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்பதும் காதில் விழுந்தது. என் மடிக்கணினியில் நெட் நின்றுபோயிருந்தது. குழுவில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை. இந்தப் போனை வைத்தால்தான் அங்கே எழுத முடியும். வைத்தால் இங்கே அக்கா தனியாக நிற்பாள்.

"போயிருச்சுடி. நேரா உள்ள வந்துருச்சு. வைஃபை இல்ல."

"முந்தியே அமுக்கிட்டியா?"

"நீ சொன்னப்பதான் அமுக்குனேன். எங்கிட்டக் கத்தாத."

நான் கத்தியது எனக்கே தெரியவில்லை. மறுபடி ஆரம்பித்தோம். இரண்டாவது தடவையும் தப்பிவிட்டது. இந்தத் தடவை பின்னால் ஒரு பெண்குரல் மெதுவாகக் கேட்டது. "முடியலன்னா சொல்லிருங்கத்தா. நாங்க வேற எங்கயாச்சும் பாக்குறோம்." வேறு எங்கே பார்ப்பார்கள்? புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்து, இடம் தேடி, வரிசையில் நிற்பதற்குள் தளத்தை மூடிவிடுவார்கள். அக்கா என்ன பதில் சொன்னாள் என்று கேட்கவில்லை. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அக்கா, அவங்களப் போகச் சொல்லாத. இன்னொரு தடவ. இந்தத் தடவ கம்பெனிப் பேரு தெரியும்போதே அமுக்கிரு. நான் சொல்ற வரைக்கும் கைய எடுக்காத."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அமுக்கினாளாம். அதைப் பிறகு ஒரு நாள் அவளே சொன்னாள்.

"ஏய், கறுப்பா என்னமோ வந்துருக்குடி! எழுத்தா இருக்கு."

"தொடாத! கீழ போற அம்புக்குறிய மட்டும் அமுக்கு. பழைய பதிப்புன்னு ஒரு வரி இருக்கா? அதுல நிறுத்தி எண்டர் தட்டு."

அதற்குப் பிறகு மிஷின் எழுந்த நேரம்தான் அன்றைக்கு எனக்கு ரொம்ப நீளமாக இருந்தது.

"வந்துருச்சுடி! வைஃபை வந்துருச்சு! ஆத்தா, உக்காருங்க, உக்காருங்க, புள்ளையோட சர்ட்டிபிகேட்டக் குடுங்க." போனை வைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. நான்தான் துண்டித்தேன்.

நெட் திரும்பி வந்ததும் மடிக்கணினியில் முதலில் தெரிந்தது தலைவர் போட்டிருந்த செய்தி. சோதனை வாரம் முடிந்தது, வைஃபை டிரைவர் நிறுத்தம் குறித்துப் பயன்படுத்துகிறவர்களிடமிருந்து மறுப்பு ஏதும் வரவில்லை, பூட்டப் போகிறேன் என்று எழுதியிருந்தார்.

மறுப்பு இப்போதுதான் வந்தது, போனில் வந்தது என்று தட்டினேன். நடந்ததைச் சுருக்கமாக எழுதினேன். அவர் பதில் உடனே வந்தது. மறுபடியும் உங்கள் அக்காதானா?

அந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. ஒரு வாரமாக இதை எங்கோ தேடிக்கொண்டிருந்தேன். அது என் மூக்குக்கு நேராக இருந்திருக்கிறது. பிரிண்டர் வேலை செய்யாவிட்டால் ஒருவர் வந்து புகார் எழுதலாம். சத்தம் வராவிட்டால் எழுதலாம். நெட்டைக் கொடுக்கும் டாங்கிளே செத்துவிட்டால் எதை வைத்து எழுதுவார்? பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியைத் தேடக்கூட அந்த நெட்தான் வேண்டும். நாளைக்கே நாங்கள் தவறைத் திருத்தி அனுப்பினாலும் அந்த மிஷினுக்குப் போய்ச் சேராது.

இதை எழுதினேன். கூடவே ஒன்று கேட்டேன். உங்கள் மேசையில் ஒரு கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த டாங்கிளை மட்டும் மாட்டி, இந்தச் சோதனைப் பதிப்பைப் போடுங்கள். பிறகு அந்தக் கணினியிலிருந்து எனக்கு ஒரே ஒரு வரி புகார் அனுப்புங்கள். வந்தால் என் மறுப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

குழுவின் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். என் பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. மூன்று மணியாகக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தெருவில் ஐஸ் வண்டிக்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டு போனார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது.

தலைவர் நியாயமானவர். அதை மறைக்கக் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து எழுதினார். சரி, ஆமாம் என்றே இருக்கட்டும். ஆனால் அந்த டிரைவருக்குப் பொறுப்பாளர் என்று உங்கள் பெயரைப் போடுகிறேன். நாளைக்கு அதில் ஓட்டை தெரிந்தால் நீங்கள்தான் அடைக்க வேண்டும். அது வழியாக யாருடைய கணினிக்காவது கேடு வந்தால் பதிலும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். சம்மதமா?

எனக்குப் பயமாக இருந்தது. அந்த டிரைவரைப் படித்திருக்கிறேன். எழுதியவர் என்ன நினைத்து எழுதினார் என்று அவருக்கே தெரியுமோ என்னவோ. பாதி இடத்தில் ஏன் இந்த வரி இருக்கிறது என்றே விளங்காது. அதை நிறுத்தியிருந்தால் எல்லோருடைய கணினியும் ஒரு பங்கு பத்திரமாக இருந்திருக்கும் என்பதும் உண்மை. அந்த உண்மையைத் தெரிந்துகொண்டுதான் சம்மதம் என்று எழுதினேன். இரண்டாவது யோசனைக்குப் பேட்டரியில் இடமில்லை.

கோப்பைத் திறந்து, ‘இல்லை’யை ‘ஆமாம்’ ஆக்கினேன். ஒரே வரி. கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன். போகிறது என்று காட்டும் கோடு பாதி நகர்ந்தது. அப்படியே திரை கறுத்து மடிக்கணினி அணைந்துவிட்டது.

போனதா இல்லையா தெரியாது. போனிலிருந்து பார்க்கலாம் என்றால் அதுவும் இழுத்துக்கொண்டு கிடந்தது. பேசிப் பேசியே அதன் உயிரை எடுத்திருந்தேன். சில நிமிடங்களில் அதுவும் அணைந்தது. இரண்டு செத்த பொருட்களை மேசையில் வைத்துக்கொண்டு, கரண்ட் வரும் வரைக்கும் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன். அந்தப் பெண்ணின் விண்ணப்பம் ஏறியதா என்றும் தெரியவில்லை. கடைசி நாளில் அந்தத் தளங்கள் எப்படித் திணறும் என்று எனக்குத் தெரியும். சாப்பாடு போட்டு வைத்தது அப்படியே ஆறிப்போனது. கடவுள் நம்பிக்கை எனக்குக் குறைச்சல்தான். ஆனாலும் அன்று வேண்டிக்கொண்டேன்.

மின்விசிறி சுற்ற ஆரம்பித்ததும் ஓடிப்போய் இரண்டையும் சார்ஜில் போட்டேன். மடிக்கணினி எழுந்தது. குழுவின் பக்கத்தைத் திறந்தேன். பூட்டுவதற்கு முன்னால் உள்ளே நுழைந்த கடைசி மாற்றம் என்னுடையது. பக்கத்திலேயே என் பெயர் இருந்தது. நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அக்காவைக் கூப்பிட்டு, "டிரைவர எடுக்கல, இருக்கு" என்று கத்தினேன்.

"சரிடி, சரிடி. அது கெடக்கட்டும். அந்தப் புள்ளைக்கு ஏறிருச்சு. மூணு தடவ பாதியில நின்னு நின்னு ஏறுச்சு. அவங்கம்மா ஒங்கிட்டப் பேசணுங்குறாங்க. பஸ்ஸுக்குக் கடை வாசல்லதான் நிக்கிறாங்க. இரு, குடுக்குறேன்."

போன் கை மாறியது. மெதுவாகக் கேட்ட அதே குரல்.

"ஆத்தா, நீங்கதான் போன்லயே சொல்லிச் சொல்லிச் சரிபண்ணுனீங்களாம்ல. நல்லா இருக்கணும் ஆத்தா."

"ஒண்ணும் இல்லங்க. மிஷின்லதான் கோளாறு."

"ரெண்டாந் தடவ வரலன்னதும் கௌம்பிருவோம்னு எந்திரிச்சுட்டேன். ஒங்க அக்காதான் கையப் புடிச்சு உக்கார வச்சாங்க. சர்ட்டிபிகேட்டும் இழுத்தடிச்சுச்சு, இங்க வந்தா இதுவும் இழுக்குது, இந்தப் புள்ள ராசி இம்புட்டுத்தான்னு நெனச்சேன். வீட்டுக்குப் போயி அவளத்தான் வஞ்சிருப்பேன்."

"அவள எதுக்குங்க வையணும்? அவ என்ன செஞ்சா?"

"வேற யார ஆத்தா வையிறது?" என்றார் அந்த அம்மா. குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

என்னை வையுங்கள், எங்கள் ஆட்களை வையுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாரமாகக் குழுவோடு சண்டை போட்ட வாய், "சீட்டு கெடச்சதும் அக்காகிட்டச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னது. பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. "வாரோம் ஆத்தா" என்று சொல்லிவிட்டு, மகளைக் கூப்பிட்டுக்கொண்டே போனை அக்காவிடம் கொடுத்துவிட்டார்.